அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: வரும் சனிக்கிழமை ஆட்டங்களைக் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபர் 5 அன்று நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் அணி, அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது. ஆட்டத்துக்கு முன் அலபாமாவே 22 புள்ளிக்கு மேல் வெல்லும் என்று பந்தயச் சந்தை சொன்னது. கணித்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள் என்று மறுநாள் பேச்சு. ஆனால் 22 புள்ளி வித்தியாசம் என்பதன் பொருளே, பலவீனமான அணி நூற்றில் எட்டு முறை வெல்லும் என்பதுதான். ஒரே சனிக்கிழமையில் அப்படிப்பட்ட ஆட்டம் பத்துப் பன்னிரண்டு நடந்தால் அதில் ஒன்று கவிழ்வது இயல்பு. இந்த விளையாட்டைக் கணிக்க உட்காருபவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இந்த எட்டு சதவீதத்தைத்தான்.

இங்கே சொல்லப்படுவது கையில் முட்டை வடிவப் பந்தோடு ஓடி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அதில் கல்லூரிகளின் மேல்தட்டுப் பிரிவுக்கு எஃப்.பி.எஸ். என்று பெயர். 2025 சீசனில் அதில் 136 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமாக 12 ஆட்டம்தான் ஆடுகிறது. பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. தரவு குறைவு, அணிகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு அதிகம். ஆகவே வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்துக் கணித்தால் கட்டாயம் ஏமாறுவீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு அணிக்கும் ஒரு ரேட்டிங் எண் கொடுங்கள், இரண்டு எண்களின் வித்தியாசத்தில் அந்த வாரத்துக்கான திருத்தங்களைச் செய்யுங்கள், வரும் புள்ளி வித்தியாசத்தை வெற்றி வாய்ப்பாக மாற்றுங்கள். ஒரு எக்செல் தாளும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் போதும்.

படி 1: சீசன் தொடங்கும் முன் ஒரு எண்

ரேட்டிங் என்பது, சராசரி எஃப்.பி.எஸ். அணியோடு இரு அணிக்கும் சொந்தமல்லாத பொதுமைதானத்தில் ஆடினால் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்ற எண். சராசரி அணிக்கு 0. மிகச் சிறந்த அணிகள் +25க்கு மேல் போகும். கடைசி வரிசை அணிகள் −20க்குக் கீழே இறங்கும்.

போன சீசனின் கடைசி ரேட்டிங்கை எடுத்து 0.65 ஆல் பெருக்குங்கள். +10 இருந்த அணி +6.5 ஆகும். இப்படி நடுப்பக்கம் இழுப்பதற்குக் காரணம் உண்டு: நல்ல சீசனில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், அடுத்த ஆண்டு அது திரும்பி வராது. பிறகு யார் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். பாஸ் வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அனுபவசாலியாக இருந்து, அவர் போய்ப் புதியவர் வந்தால் 2 முதல் 3 புள்ளி குறையுங்கள். குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் தாக்குதல் வரிசையில் ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பினால் ஒரு புள்ளி கூட்டுங்கள். கடைசி நான்கு ஆண்டுகளில் சேர்ந்த வீரர்களில் ஆட்சேர்ப்பு மதிப்பீட்டில் நான்கு, ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்றவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் கல்லூரிக்கு இன்னும் ஒன்றிரண்டு புள்ளி கொடுக்கலாம்.

2018இல் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து, 2021 முதல் மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றான பிறகு, 'போன ஆண்டு அணி' என்ற பேச்சுக்கே மதிப்புக் குறைந்துவிட்டது. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் 13–1, அதாவது 13 வெற்றி, 1 தோல்வி. அடுத்த ஆண்டு தொடக்கத் தரவரிசையில் 10ஆம் இடத்தில் வைத்தார்கள். சீசனை 2–10 என்று முடித்தது. பழைய பெயருக்கு எண் கொடுக்காதீர்கள். வீரர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எண் கொடுங்கள்.

செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. தரவரிசையை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது தோற்காத அணியை மேலே வைக்கும். அடுத்த ஆட்டத்தில் யார் பலசாலி என்ற கேள்விக்கு அது எழுதப்படவில்லை.

படி 2: ஒவ்வொரு ஞாயிறும் எண்ணைப் புதுப்பிப்பது

ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'திருத்திய வித்தியாசம்' கணக்கிடுங்கள்: புள்ளி வித்தியாசத்தோடு எதிரணியின் ரேட்டிங்கைக் கூட்டி, சொந்த மைதானம் என்றால் 2.5 கழித்து, வெளி மைதானம் என்றால் 2.5 கூட்ட வேண்டும். 28க்கு மேற்பட்ட வித்தியாசத்தை 28 ஆகவே வையுங்கள். 45 புள்ளியில் வென்றவர் 30 புள்ளியில் வென்றவரைவிட அவ்வளவு மேலானவர் அல்ல; கடைசிக் கால் மணி நேரம் மாற்று ஆட்டக்காரர்கள்தான் ஆடியிருப்பார்கள்.

ஒரு கற்பனை அணியை எடுத்துக்கொள்வோம். +5 அணியை அதன் மைதானத்தில் 10 புள்ளியில் வென்றது: 10 + 5 + 2.5 = 17.5. +18 அணியிடம் சொந்த மைதானத்தில் 3 புள்ளியில் தோற்றது: −3 + 18 − 2.5 = 12.5. −8 அணியைச் சொந்த மைதானத்தில் 45 புள்ளியில் நசுக்கியது: 28 − 8 − 2.5 = 17.5. சராசரி 15.8. பாருங்கள், மூன்று ஆட்டத்தில் குறைந்த எண் தோற்ற ஆட்டத்துடையதுதான். ஆனாலும் அது 12.5. அந்தத் தோல்வி இந்த அணி நல்ல அணி என்றே சொல்கிறது. வெற்றி தோல்விப் பட்டியல் இதைக் காட்டவே காட்டாது.

இந்த 15.8ஐ அப்படியே எடுக்கக் கூடாது. மூன்று ஆட்டம் மிகக் குறைவு. தொடக்க ரேட்டிங்கை ஆறு ஆட்டத்துக்குச் சமமாக எண்ணுங்கள். தொடக்க எண் +8 என்றால், 3/9 பங்கு புதியது, 6/9 பங்கு பழையது: சுமார் +10.6. ஆறு ஆட்டம் முடிந்தால் பாதிக்குப் பாதி. பன்னிரண்டு முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஆண்டுடையது.

எல்லா அணிக்கும் இதைச் செய்ததும் எதிரணிகளின் எண்கள் மாறியிருக்கும். அதனால் மறுபடி கணக்கிட வேண்டும். 15, 20 சுற்று ஓட்டினால் எண்கள் 0.1க்கும் குறைவாகவே அசையும். அங்கே நிறுத்தி, எல்லா அணிகளின் சராசரியை 0க்குக் கொண்டுவாருங்கள். இங்கேதான் பலருக்கு எக்செல் மாட்டிக்கொள்ளும்: ரேட்டிங் தன்னையே சுற்றி வந்து கணக்கிடுவதால் 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' பிழை காட்டும். புதிய எண்களைத் தனிப் பத்தியில் வரவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பை மட்டும் பழைய பத்தியில் ஒட்டினால் சிக்கல் தீரும்.

கீழ்ப்பிரிவான எஃப்.சி.எஸ். அணிகளோடு ஆடிய ஆட்டங்களை இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அதில் தோற்றுப்போன எஃப்.பி.எஸ். அணியை மட்டும் தனியாகக் கவனிக்கலாம். 2007 செப்டம்பர் 1 அன்று ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகனை ஆன் ஆர்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட் 34–32 என்று வென்றது போன்ற ஆட்டங்கள் எப்போதாவது வரும்.

படி 3: புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆட்டத்தைப் பார்ப்பது

ஸ்கோர் பல நேரம் பொய் சொல்லும். அதைத் திருத்த, ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சியையும் எண்ணிப் பார்க்கும் 'வெற்றி விகிதம்' உதவும். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி உண்டு; ஒவ்வொன்றும் ஒரு டவுன், 10 யார்டு எடுத்தால் மறுபடி முதல் டவுன். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாம் டவுனில் 70 சதவீதம், மூன்றாம் நான்காம் டவுனில் முழுவதும் கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி.

ஒரு டிரைவை, அதாவது பந்து ஓர் அணியிடம் இருக்கும்போது நடக்கும் தொடர் முயற்சிகளை, பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதல் டவுன், தேவை 10 யார்டு; 4 யார்டு ஓடினார்கள். அரங்கம் கைதட்டும், கணக்கில் அது தோல்வி. இரண்டாம் டவுன், தேவை 6. 5 யார்டு கிடைத்தது. 4.2 போதும் என்பதால் வெற்றி. மூன்றாம் டவுன், தேவை 1. அந்த ஒரு யார்டு வந்தது, வெற்றி. மூன்றில் இரண்டு. இப்படி வாராவாரம் 45 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் அணி ஒரு நாள் குறைந்த புள்ளியில் தோற்றாலும் பயப்பட வேண்டியதில்லை. 35 சதவீதம் எடுத்துக்கொண்டே இரண்டு நீண்ட டச்டவுனால் வெல்லும் அணிமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அடுத்தது டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. ஒவ்வொன்றும் சுமாராக 4 முதல் 5 புள்ளி மதிப்புள்ளது. ஆனால் அது யார் பக்கம் விழுகிறது என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது. கீழே விழுந்த முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எவருக்கும் தெரியாது. இப்படிக் கை நழுவி விழும் ஃபம்பிளைக் கைப்பற்றுவது நீண்ட காலத்தில் பாதிக்குப் பாதிதான். எதிரணி வீசும் பாஸைப் பிடித்துவிடும் இன்டர்செப்ஷனுக்கு வேறொரு சோதனை உண்டு: தற்காப்பு அணி தொட்ட பாஸ்களில், அதாவது பிடித்தவையும் தட்டிவிட்டவையும் சேர்த்து, 22 சதவீதம் அளவே பிடிபடும். ஆறு ஆட்டத்தில் 25 பாஸைத் தொட்டு 9ஐப் பிடித்த அணிக்கு நியாயமாக வர வேண்டியது ஐந்தரை. கூடுதலான மூன்றரையை 4.5 ஆல் பெருக்கினால் சுமார் 16 புள்ளி, ஆட்டத்துக்கு 2.6. இனி வரும் ஆட்டங்களுக்கு அந்த 2.6ஐ ரேட்டிங்கிலிருந்து எடுத்துவிடலாம்.

8 புள்ளிக்கு உட்பட்ட வித்தியாசத்தில் முடியும் நெருக்கமான ஆட்டங்களும் இதே வகை. ஐந்தில் ஐந்தும் வென்ற அணியை 'அழுத்தத்தில் ஆடத் தெரிந்த அணி' என்று புகழ்வார்கள். அடுத்த ஐந்தில் இரண்டரையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

மொத்தப் புள்ளியையும் கணிக்க வேண்டுமென்றால் டிரைவ் கணக்குக்குப் போங்கள். எல்லா அணிகளின் சராசரி ஒரு டிரைவுக்கு 2.2 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் அணியின் தாக்குதல் 2.8, எதிரணித் தற்காப்பு விட்டுக்கொடுப்பது 2.5 என்றால் 2.8 + 2.5 − 2.2 = 3.1, பதினொரு டிரைவுக்கு 34. மறுபக்கம் 2.4 + 1.8 − 2.2 = 2.0, பதினொன்றுக்கு 22. வித்தியாசம் 12. ரேட்டிங் வழியில் வந்த எண்ணோடு இதைச் சராசரியாக்கினால் இரண்டில் எதைவிடவும் நல்ல எண் கிடைக்கும். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற பழைய சராசரிகளை மட்டும் கலக்காதீர்கள்: 2023இல் விதி மாறி, ஒவ்வொரு அரையின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, முதல் டவுன் எடுத்ததும் கடிகாரம் நிற்பதில்லை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் முயற்சிகள் அதிகம்.

நான்காம் கால் பகுதியில் 22 புள்ளிக்கு மேல் முன்னிலை இருக்கும்போது நடந்த ஆட்டத்தை இந்தக் கணக்குகளில் சேர்க்க வேண்டாம்.

படி 4: இந்த வாரத்துக்கான திருத்தம்

ஆர்வக்கோளாறால் கணிப்பு கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஆகவே ஒரு வரம்பு: குவார்ட்டர்பேக் விஷயத்தைத் தவிர மற்ற எல்லாத் திருத்தமும் சேர்ந்து 3 புள்ளியைத் தாண்டக் கூடாது.

சொந்த மைதானத்துக்கு 2.5. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் டல்லாஸில் ஆடுவது போன்ற பொதுமைதான ஆட்டத்துக்கு 0. வயோமிங்கின் லாரமி மைதானம் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து போகும் அணிக்கு அரைப் புள்ளி கூடுதலாகக் குறைக்கலாம். 2024 முதல் மேற்குக் கரையைச் சேர்ந்த யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென் கூட்டமைப்பில் ஆடுகின்றன. கிழக்கே நண்பகல் ஆட்டம் என்றால் அவர்கள் உடம்புக்குக் காலை 9 மணி. அதற்கும் அரை முதல் ஒரு புள்ளி.

குவார்ட்டர்பேக் காயம் 3 முதல் 7 புள்ளி. மாற்று ஆட்டக்காரர் எத்தனை பாஸ் வீசியிருக்கிறார் என்று பார்த்தால் அந்த இடைவெளிக்குள் எண் கிடைக்கும். மற்ற எந்த வீரரும் தனியாக ஒன்றரைப் புள்ளிக்கு மேல் பெறமாட்டார். ஒரே இடத்தில் இரண்டு பேர் விழுந்தால்தான் கவலை. உதாரணமாக, தாக்குதல் வரிசையின் இரு ஓரத்தில் நிற்கும் இரண்டு டேக்கிள்கள் ஒரே வாரம் இல்லையென்றால் 2 புள்ளி. பிக் டென்னில் 2023 முதலும் இன்னொரு பெரிய கூட்டமைப்பான எஸ்.இ.சி.யில் 2024 முதலும் காயப் பட்டியல் அதிகாரபூர்வமாக வெளிவருகிறது. பிக் டென் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும், எஸ்.இ.சி. கடைசிப் பட்டியலை 90 நிமிடம் முன்பும் தருகிறது. அதற்கு முன் பயிற்சியாளர் சொல்வதை நம்பி எண்ணை மாற்ற வேண்டாம்.

வானிலையில் மழையைவிடக் காற்றே முக்கியம். மணிக்கு 15 மைலுக்கு மேல் நிலையாக வீசினால் நீண்ட பாஸும், பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலும் பாதிக்கப்படும். மொத்தப் புள்ளியில் 3 குறையுங்கள், 20 மைல் தாண்டினால் இன்னும் குறையுங்கள்.

ஓய்வு வாரம் முடித்து வரும் அணிக்கு ஒரு புள்ளி. பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம் சோர்வு வரும் என்பது பழைய நம்பிக்கை. அலபாமா 2024 செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியாவை 41–34 என்று வென்ற களைப்போடு நாஷ்வில்லுக்குப் போனது. வாண்டர்பில்ட் அந்த வாரம் ஓய்வில் இருந்தது. அதே ஆண்டு டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை வெளி மைதானத்தில் வென்ற நோட்ர டேம், அடுத்த வாரமே 28 புள்ளி பலவீனமானதாகக் கருதப்பட்ட நார்தர்ன் இல்லினாயிடம் 16–14 என்று தோற்றது. இந்த உதாரணங்கள் நினைவில் நிற்கும். ஆனால் பெரிய வெற்றிக்குப் பின் சாதாரணமாக ஜெயித்துவிட்டுப் போன நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் நினைவில் நிற்காது. சோர்வுக்கு ஒரு புள்ளிக்கு மேல் தராதீர்கள். நோட்ர டேம் அந்தத் தோல்விக்குப் பிறகும் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அதன் ரேட்டிங்கை அன்றே குப்பையில் போட்டவர்கள் பல வாரம் தவறாகக் கணித்தார்கள்.

ஒன்றை மட்டும் பலர் தவறவிடுகிறார்கள்: டிரைவுகளின் எண்ணிக்கை. பலவீனமான அணி மெதுவாக, பந்தைக் கையில் வைத்தே ஆடினால், பலமான அணிக்குத் தன் மேன்மையைக் காட்ட வாய்ப்புகள் குறையும். வாண்டர்பில்ட் அன்று 42 நிமிடம் பந்தை வைத்திருந்தது. மூன்றாம் டவுனில் 18க்கு 12 வெற்றி. ராணுவ, கடற்படைக் கல்லூரி அணிகளான ஆர்மி, நேவி போன்று, பாஸைவிட ஓட்டத்தையே நம்பும் அணிகளோடு ஆடும்போது டிரைவுகளை ஒன்பது பத்தாகக் குறைத்துக் கணக்கிடுங்கள். எதிர்பார்க்கும் வித்தியாசமும் சுருங்கும்.

படி 5: வித்தியாசத்தை வாய்ப்பாக மாற்றுவது

கல்லூரி ஆட்டங்களில் நல்ல கணிப்பைச் சுற்றி உண்மை முடிவு சிதறும் அளவு, அதாவது நியமவிலக்கம், சுமார் 16 புள்ளி. உங்கள் வித்தியாசத்தை 16 ஆல் வகுத்து, எக்செல்லின் 'நார்ம்.எஸ்.டிஸ்ட்' சார்பில் போட்டால் வெற்றி வாய்ப்பு வரும். 3 புள்ளி என்றால் 57 சதவீதம், 7க்கு 67, 10க்கு 73, 14க்கு 81, 21க்கு 91, 28க்கு 96.

+14 அணி, +6 அணியின் மைதானத்துக்குப் போகிறது: 14 − 6 − 2.5 = 5.5, வாய்ப்பு 63 சதவீதம் சொச்சம். இதைப் பார்த்து 'எளிதான வெற்றி' என்று சொல்பவர் மூன்றில் ஒரு முறைக்கு மேல் தவறுவார்.

படி 6: சந்தை எண்ணோடு ஒப்பிடுவது

ஞாயிற்றுக்கிழமை பந்தய நிறுவனங்கள் அடுத்த வார ஆட்டங்களுக்கான ஸ்ப்ரெட்டை, அதாவது எதிர்பார்க்கும் புள்ளி வித்தியாசத்தை, வெளியிடும். பணம் போட அல்ல, சரிபார்க்கவே இது தேவை. உங்கள் எண் அதோடு 3 புள்ளிக்குள் இருந்தால் வேலை சரியாக நடக்கிறது. 6 புள்ளி விலகினால், உங்களுக்குத் தெரியாத ஒன்று அங்கே தெரிந்திருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்: குவார்ட்டர்பேக் காயம், இடைநீக்கம், எக்செல்லில் தவறாக ஏறிய ஸ்கோர். எல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் சந்தைக்கு மூன்றில் இரண்டு பங்கும் உங்கள் எண்ணுக்கு ஒரு பங்கும் கொடுத்துக் கலந்து எழுதுங்கள். பில் கானலியின் எஸ்.பி. பிளஸ், ஈ.எஸ்.பி.என்.னின் எஃப்.பி.ஐ. ஆகிய ரேட்டிங்குகளும் இதே சோதனைக்கு உதவும்.

அலுவலக நண்பர்களோடு யார் வெல்வார் என்று மட்டும் கணிக்கும் போட்டி என்றால் எல்லா ஆட்டத்திலும் வாய்ப்பு அதிகமுள்ள அணியையே எழுதுங்கள். நம்பிக்கைக்கு ஏற்ப மதிப்பெண் வைக்கும் போட்டியில் வாய்ப்பு வரிசையிலேயே மதிப்பெண்ணை அடுக்குங்கள். நூறு பேருக்கு மேல் ஆடும் போட்டியில் முதலிடம் வேண்டுமானால் 48, 49 சதவீதத்தில் இருக்கும் ஒன்றிரண்டு ஆட்டத்தில் மட்டும் கூட்டத்துக்கு எதிராகப் போகலாம். 20 சதவீத அணியைத் துணிந்து எழுதுவதால் பயன் இல்லை.

பவுல் ஆட்டங்கள் வேறு கதை

பவுல் என்பது வழக்கமான சீசன் முடிந்ததும் தேர்ந்தெடுத்த அணிகள் ஆடும் தனி ஆட்டம். அது நடக்கும் டிசம்பரில் மேலே சொன்ன எண்களில் பாதி செல்லாது. தொழில்முறை லீகுக்குப் போகிறவர்களும், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களும் ஆடாமல் ஒதுங்குவார்கள். 2023இல் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட், குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காயமடைந்த பிறகு, தேசியப் பட்டத்துக்காக நான்கு அணிகள் ஆடிய பிளேஆஃபில் இடம் பெறவில்லை. ஆரஞ்ச் பவுலுக்கு அதன் வீரர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் வரவில்லை. ஜார்ஜியா 63–3 என்று வென்றது. பவுல் ஆட்டத்துக்கு ரேட்டிங்கைத் திறக்கும் முன் இரு அணியிலும் தொடங்கும் 22 இடங்களை எழுதி, யார் ஆடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். பாதி இடங்கள் காலி என்றால் அந்த ஆட்டத்துக்கு 55 சதவீதத்துக்கு மேல் எழுத வேண்டாம்.

பிளேஆஃப் இதிலிருந்து விலக்கு. அங்கே கிட்டத்தட்ட எல்லாரும் ஆடுவார்கள். 12 அணிகளாக விரிந்த முதல் ஆண்டான 2024 சீசனில், முதல் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆடிய நான்கு அணிகளும் வென்றன. நேரடியாகக் காலிறுதிக்குப் போன நான்கும் தோற்றன. அதை வைத்து 'ஓய்வு கெடுதல்' என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஆண்டு விதிப்படி அந்த நான்கு இடங்களும் கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கே ஒதுக்கப்பட்டன. பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் இரண்டும் ரேட்டிங்கில் தங்கள் எதிரணியைவிடக் கீழே இருந்தவை.

கணக்கைப் பூட்டி வைப்பது

ஒவ்வொரு கணிப்பையும் ஆட்டம் தொடங்கும் முன் தேதியோடு எழுதிப் பூட்டுங்கள். பிறகு மாற்றக் கூடாது. முடிவு வந்ததும் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, கணித்த வித்தியாசத்துக்கும் உண்மைக்கும் சராசரி இடைவெளி: 13 புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் மிக நல்ல வேலை, 15ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. இன்னொன்று ப்ரையர் மதிப்பெண்: சொன்ன வாய்ப்பிலிருந்து முடிவைக் கழித்து இருமடியாக்குவது, வெற்றிக்கு 1, தோல்விக்கு 0. 70 சதவீதம் சொன்ன அணி வென்றால் 0.09, தோற்றால் 0.49. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடி 50 சதவீதம் எழுதினால் 0.25; அதைவிடக் குறைவாக வர வேண்டும்.

சீசன் முடிவில் 70 முதல் 80 சதவீதம் எழுதிய ஆட்டங்களைத் தனியே எடுத்து எண்ணிப் பாருங்கள். நூற்றில் 75 வென்றிருந்தால் சரி. 62தான் வென்றது என்றால் வாரத் திருத்தங்களை அளவுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள், அல்லது 16 என்ற சிதறலைச் சிறிதாக வைத்திருக்கிறீர்கள். முதலில் திருத்தங்களை நீக்கி வெறும் ரேட்டிங்கோடு அதே ஆட்டங்களை மறுபடி ஓட்டுங்கள். எந்தத் திருத்தம் எத்தனை புள்ளி கெடுத்தது என்று அந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும்.